கார்பன் நகல்

சர்ச் தெருவில், துணிக்கடைக்கு மேலே
இரண்டே அறை.
ஒன்றில் அவர்,
மற்றதில் நானும் டைப்ரைட்டரும் வாடகைப் பாக்கியும்.
தயாளன் படையாச்சி, வழக்கறிஞர் என்று
பித்தளைத் தகட்டில் ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது.
தமிழுக்கு விட்ட இடத்துக்குக் காசு பத்தவில்லை.
பதினோரு வருஷம் அது வெறுமனே பளபளத்தது.

ஃபீஸ் என்று ஒருத்தி மடும்பிக் கிழங்கு கொண்டுவருவாள்.
ஒரு டாக்ஸிக்காரர், கேஸ் முடிகிறவரை
எங்களைக் கோர்ட்டில் இறக்கிவிடுவார்.
கேஸ் முடிந்த மறுநாள் நடந்துபோனோம்.

எண்பத்து மூன்று ஜூலை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் குளிர்.
ஆற்றோரத் தகரக் குடிசைகளுக்கு
நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.
தெம்பேகிலே துபே படியேறி வந்தாள்,
முதுகில் கம்பளிக்குள் புசிசிவே, மூக்கு ஒழுக.
கூடவே ஆற்றோரத்துப் பாலா நாயக்கர்,
செருப்பை வாசலில் விட்டுவிட்டு.
ராத்திரி முழுக்க அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன்.
பாரஃபின் ஹீட்டர் நாற்றம் என் தலைமுடியில் இரண்டு நாள் இருந்தது.

பதினான்காவது பத்தி:
தலைக்கு வேறு கூரை காட்டாமல்
இருக்கிற கூரையைப் பிரிக்கிறவர்
அரசாங்கமே ஆனாலும் அவருக்குப் பெயர் வேறு.

திருடன் என்றுதான் முதலில் சொன்னார்.
நீதிபதிக்குக் கோபம் வரும் சார், என்றேன்.
"அப்படியா? வேறுன்னு போடு.
மிச்சத்தை அவரே நிரப்பிக்கட்டும்."

மூன்று வாரம் தடை கிடைத்தது.
நாலாவது வாரம் புல்டோசர் வந்தது.
முன்னால் போய் நின்றார்.
மேல்வரிசையில் ஒரு பல் போனது.

பிறகு தேர்தல். நீள வரிசை, நீள வெயில்.
சட்டமன்றத்துக்குப் போனார், அமைச்சரானார்,
மாகாண முதல்வரானார்.
விளக்குக் கம்பம் தோறும் சிரித்தார்;
அந்தச் சிரிப்பில் எது கட்டின பல் என்று
எனக்கு மட்டும் தெரியும்.

கூடவே போனேன், டைப்ரைட்டரை விட்டுவிட்டு.
வக்கீலாயிருந்தபோது கையெழுத்தில்
தயாளன் முழுசாக உட்கார்ந்திருப்பார், படையாச்சிக்கு வாலும் உண்டு.
அமைச்சரானபோது வால் போனது.
முதல்வரானபோது ஒரு கோடு,
அதன் தலையில் ஒரு கொக்கி.
நாளைக்கு இருநூறு காகிதம், பாவம், என்ன செய்வார்.
எதில் போடுகிறோம் என்று பார்ப்பதையும்
எப்போது விட்டார் என்று
பக்கத்திலேயே இருந்த எனக்குத் தெரியவில்லை.

ஓய்வு பெற்று நார்த்டேலில் இருக்கிறேன்.
போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை
புசிசிவே வந்தாள், என்னைவிட உயரம்.
அதே ஆற்றோரம். வட்டச்சாலை வருகிறதாம்.
நோட்டீசின் அடியில்
கோடு, கொக்கி.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
டீ குடித்தாள். என்னைப் பார்த்தாள்.
எழுந்துபோய் அலமாரி மேலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கினேன்.
கார்பன் நகல், ஊதா மங்கி,
பதினான்காவது பத்தி இன்னும் படிக்கும்படி இருந்தது.

கோர்ட்டில் பின்வரிசையில் இருந்தேன்.
சின்ன வயசு வக்கீல், அகலமான டை.
படித்து முடித்ததும் நீதிபதியம்மா கேட்டார்:
நல்ல வாக்கியம். யார் எழுதியது?
எதிர்மனுதாரர், என்றான் பையன்.
சபை சிரித்தது.
நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினேன்.
சாலை வேலைக்குத் தடை.

அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபோன்.
செயலாளர் இல்லை, அவரே.
"கோகிலம், நீதானா?"
"ஆமா சார்."

மூச்சுச் சத்தம். தூரத்தில் டிவியில் கிரிக்கெட்.
அந்தப் பல்லை நாக்கால் தடவுகிறார் என்று நினைத்தேன்;
யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார்.

"அந்தப் பத்தியில்
காட்டாமலுக்கு அப்புறம் ஒரு காற்புள்ளி சொன்னேன்.
நீ போடலை."

"ஹீட்டர் அணைஞ்சிருந்துது சார். விரல் விறைச்சுப்போச்சு."

"சரி," என்றார்.
வைப்பார் என்று பார்த்தேன்.
வைக்கவில்லை.